ப்ரீக்வல் என்றால் என்ன? ஹாபிட் முதல் படத்தை வைத்துப் புரிந்துகொள்வோம்

ஒரு கதை ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. அது எப்படி முடியும் என்பது ஊருக்கே தெரியும். அதற்கப்புறம், அந்தக் கதை தொடங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்ல இன்னொரு படம் வருகிறது. அந்தப் படம்தான் ப்ரீக்வல், அதாவது முன்கதை.

இதில் இரண்டு வரிசைகளைக் கவனிக்க வேண்டும். கதைக்குள் சம்பவங்கள் நடக்கிற வரிசை ஒன்று. அவை நம்மிடம் வந்து சேருகிற வரிசை இன்னொன்று. இரண்டும் ஒரே திசையில் போனால் அது சீக்வல். கதைக்குள் முதலில் நடந்தது நம்மிடம் கடைசியாக வந்து சேர்ந்தால் ப்ரீக்வல். ஃபிளாஷ்பேக் இதிலிருந்து வேறுபட்டது. அது ஒரே படத்துக்குள் கொஞ்ச நேரம் பின்னால் போய்விட்டுத் திரும்பி வரும். ரீபூட்டும் வேறு, பழைய படத்தை மறந்துவிடச் சொல்லிவிட்டுக் கதையை முதலிலிருந்து தொடங்குவது அது. ப்ரீக்வல் பழையதை மறக்கச் சொல்லாது. பழையது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அதன் ஒவ்வொரு காட்சியும் எழுதப்படுகிறது.

வரையறை அவ்வளவுதான். ஆனால் முடிவு தெரிந்த ஒருவருக்குக் கதை சொல்லும்போது அந்தக் கதைக்கு என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. அதைப் பார்க்க 2012இல் வந்த 'தி ஹாபிட்: அன் அன்எக்ஸ்பெக்டட் ஜர்னி' படத்தை எடுத்துக்கொள்கிறேன். பீட்டர் ஜாக்சன் இயக்கிய ஹாபிட் படங்கள் மூன்றில் இது முதலாவது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இந்தக் கதை முன்கதையாகப் பிறக்கவே இல்லை. பிற்பாடு இரண்டு தடவை முன்கதையாக மாற்றப்பட்டது. முதலில் எழுதியவரே மாற்றினார். அப்புறம் சினிமா மாற்றியது.

கதையே தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய பூமி என்ற கற்பனை உலகத்தில் ஹாபிட்கள் என்ற குள்ளமான, சாப்பாட்டுப் பிரியர்களான, வீட்டைவிட்டு நகர விரும்பாத ஒரு கூட்டம் வாழ்கிறது. அவர்களில் ஒருவர் பில்போ பேகின்ஸ். கேண்டால்ஃப் என்ற மந்திரவாதி ஒருநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பின்னாலேயே, ஹாபிட்களிலிருந்து வேறான குள்ளர் இனத்தைச் சேர்ந்த 13 பேர் வந்து இறங்குகிறார்கள். எரெபோர் என்ற மலையில் இருந்த அவர்களுடைய அரசையும் தங்கத்தையும் ஸ்மாக் என்ற டிராகன் பிடித்துக்கொண்டது. அதை மீட்கப் போகிறார்கள், தோரின் அவர்களின் தலைவர். பில்போவும் கூடப் போகிறார். வழியில் ஒரு குகையில், கோல்லம் என்ற பரிதாபமான, பயங்கரமான உயிரிடம் இருந்த ஒரு மோதிரம் பில்போ கையில் கிடைக்கிறது. போட்டால் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் மோதிரம்.

60 ஆண்டுகள் கழித்து அந்த மோதிரம் என்ன ஆகிறது என்பதுதான் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. அது சாதாரண மாய மோதிரம் அல்ல, சாரோன் என்ற தீய சக்தி தன் வலிமையையெல்லாம் ஊற்றிச் செய்த மோதிரம் என்று தெரியவருகிறது. அதை அழிக்கப் பில்போவின் வாரிசு ஃப்ரோடோ புறப்படுகிறான். கடைசியில் எரிமலையின் விளிம்பில் நிற்கும்போது ஃப்ரோடோவுக்கே மோதிரத்தை விட மனம் வரவில்லை. கோல்லம்தான் அதைக் கடித்துப் பிடுங்கி, அதோடு நெருப்பில் விழுகிறது. முடிவைப் போட்டு உடைத்துவிட்டேனே என்று வருத்தப்பட வேண்டாம். இது தெரியாமல் ப்ரீக்வலின் வேலையை விளக்க முடியாது.

சரி, இப்போது வரிசைக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் தன் பிள்ளைகளுக்காகச் சொல்லத் தொடங்கிய கதைதான் ஹாபிட். 1937 செப்டம்பர் 21இல் லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனம் வெளியிட்டது. கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொன்னது பதிப்பாளரின் 10 வயது மகன் ரேனர். அதற்குக் கூலி ஒரு ஷில்லிங். அந்த அளவுக்குச் சிறுவர்களை நம்பி வந்த புத்தகம் அது. முதலில் அச்சடித்த 1500 பிரதிகள் டிசம்பருக்குள் தீர்ந்துவிட்டன. இன்னும் ஹாபிட்கள் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். டோல்கீன் எழுத உட்கார்ந்தார். அந்தத் தொடர்ச்சி அவர் கையில் வளர்ந்து வளர்ந்து, மூன்று பாகங்களாக 1954, 1955 ஆண்டுகளில் வெளியானது. ஆக, புத்தகமாக எடுத்துக்கொண்டால் ஹாபிட் முதல் கதை, மோதிரக் கதை (அதாவது 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') அதன் தொடர்ச்சி. முன்கதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் தொடர்ச்சியை எழுதும்போது டோல்கீனுக்கு ஒரு சிக்கல் வந்தது. 1937 பதிப்பில் கோல்லம் அவ்வளவு மோசமான ஆள் இல்லை. விடுகதைப் போட்டியில் பில்போ ஜெயித்தால் ஒரு பரிசு தருவதாகச் சொல்கிறது. அந்தப் பரிசுதான் மோதிரம். பில்போ ஜெயித்துவிட, கோல்லம் மோதிரத்தை எடுத்துவரப் போகிறது. அது காணாமல் போயிருக்கிறது. கோல்லம் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, பரிசுக்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டுகிறது. இருவரும் ஓரளவு நல்லபடியாகவே பிரிகிறார்கள். தொடர்ச்சியில் வரும் மோதிரமோ வைத்திருப்பவரின் மனத்தையே அடிமைப்படுத்தும் பொருள். அதைப் போய் யாராவது விடுகதைக்குப் பரிசாகத் தருவார்களா?

அதனால் டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் பரிசு என்ற பேச்சே இல்லை. பில்போ ஜெயித்தால் வழி காட்ட வேண்டும், தோற்றால் கோல்லத்துக்கு இரையாக வேண்டும். மோதிரம் போனது தெரிந்ததும் கோல்லம் வெறி பிடித்து அலறுகிறது. வெளியேறும் வழியில் குந்திக்கொண்டிருக்கும் கோல்லத்தை, கண்ணுக்குத் தெரியாத பில்போ வாளால் குத்திவிட்டுப் போகலாம். குத்தாமல் இரக்கப்பட்டுத் தாண்டிக் குதிக்கிறார். இன்று நாம் எல்லோரும் படிப்பது இந்தப் பதிப்பைத்தான்.

அப்படியானால் பழைய பதிப்பு? அதையும் டோல்கீன் வீணாக்கவில்லை. பில்போ முதலில் எல்லோரிடமும் சொன்ன பொய் அது என்று மோதிரக் கதையின் முன்னுரையில் எழுதிவிட்டார். நேர்மையான பில்போ ஏன் பொய் சொன்னார்? மோதிரம் அப்போதே அவர் மனத்தில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, அதைத் தனக்கு நியாயமாகக் கிடைத்த பொருளாகக் காட்டிக்கொள்ள அவருக்குத் தோன்றியது. கேண்டால்ஃபுக்குச் சந்தேகம் வந்ததும் இதனால்தான். அச்சில் வந்துவிட்ட ஒரு முரண்பாட்டை இவ்வளவு அழகாகக் கதைக்குள் இழுத்துக்கொண்ட எழுத்தாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னால் எழுதியது முன்னால் எழுதியதன் பொருளை மாற்றுகிறது. ப்ரீக்வலின் ஆதாரமான விஷயமே இதுதான்.

டோல்கீன் இன்னும் ஒரு படி போனார். 1960இல் ஹாபிட் முழுவதையும் மோதிரக் கதையின் கனமான நடையில் திருப்பி எழுதத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு விட்டுவிட்டார். எழுதியதைப் படித்துப் பார்த்த வேறொருவர், இது நன்றாக இருக்கிறது, ஆனால் ஹாபிட்டாக இல்லை என்ற பொருளில் சொன்னதுதான் அதற்குக் காரணம். 2012 படத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவில் வரிசை தலைகீழானதற்குக் காரணம் உரிமைப் பத்திரங்கள். 1990களின் நடுவில் பீட்டர் ஜாக்சனும் ஃப்ரான் வால்ஷும் முதலில் ஹாபிட்டை எடுத்துவிட்டு அப்புறம் மோதிரக் கதைக்குப் போகத்தான் நினைத்தார்கள். ஹாபிட்டின் விநியோக உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டிருந்ததால் அது முடியவில்லை. அதனால் 2001, 2002, 2003 என்று மோதிரக் கதையின் மூன்று படங்கள் முதலில் வந்தன. மூன்றுக்கும் சேர்த்து 17 ஆஸ்கர். கடைசிப் படத்துக்கு மட்டும் 11. ஹாபிட்டின் முறை வருவதற்குள் உலகமே கதையின் முடிவைப் பார்த்துவிட்டது. முதலில் இயக்குவதாக இருந்த கில்லர்மோ டெல் டோரோ 2010இல் விலக, ஜாக்சனே பொறுப்பேற்றார். 2011 மார்ச்சில் நியூசிலாந்தில் படப்பிடிப்பு தொடங்கியது.

பிற்பாடு சீக்வல் எழுதப்பட்ட ஒரு சிறுவர் கதை இப்படித்தான் திரையில் ப்ரீக்வல் ஆனது.

படம் தொடங்கும் விதத்திலேயே இது தெரியும். நேராகப் பழைய காலத்துக்குப் போகாமல், வயதான பில்போ மேஜையில் உட்கார்ந்து தன் கதையை எழுதுவதில் தொடங்குகிறது. 2001 படத்தில் பில்போவாக நடித்த அதே இயன் ஹோம். பக்கத்தில் ஃப்ரோடோவாக அதே எலைஜா உட். அன்றைக்குப் பில்போவின் 111ஆவது பிறந்தநாள் விருந்து. விருந்துக்கு வருபவர்களைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்ற பலகையை ஃப்ரோடோ வெளிக்கதவில் மாட்டுகிறான். அப்புறம் கேண்டால்ஃபை எதிர்கொண்டு அழைக்க ஓடுகிறான். 2001 படத்தில் கேண்டால்ஃப் வந்து சேரும்போது அந்தப் பலகை அங்கே தொங்கும். அதாவது, அந்த 2001 படத்தின் விருந்துக் கதை தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு இந்தப் படம் தொடங்குகிறது. இரண்டையும் தைத்த தையல் இது. புதிதாக வருபவருக்கு அது வெறும் பலகை. பழைய படத்தை நேசிப்பவருக்கு வீட்டுக்குத் திரும்பி வந்த உணர்வு.

இன்னொரு தையல் ட்ரோல்கள், அதாவது வெயில் பட்டால் கல்லாகிவிடும் ராட்சதர்கள். 2001 படத்தில் காயம்பட்ட ஃப்ரோடோவைக் காட்டில் இறக்கி வைக்கும்போது பின்னால் மூன்று பெரிய கற்சிலைகள் நிற்கும். அவை பில்போ சொன்ன ட்ரோல்கள் என்று ஃப்ரோடோவின் தோழன் சாம் ஒரு வரி சொல்வான். 11 ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் படத்தில், குள்ளர்களை எப்படிச் சமைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே விடிவதை மறந்து அவை கல்லாவதை நேரில் பார்க்கிறோம்.

ஆனால் இவையெல்லாம் அடையாளங்கள்தான். ப்ரீக்வலின் உண்மையான பலம் தெரிவது குகைக் காட்சியில். படப்பிடிப்பில் முதலில் எடுத்த காட்சியும் இதுவே. பில்போவாக மார்ட்டின் ஃப்ரீமன், கோல்லமாக ஆண்டி செர்கிஸ். இரண்டே பேர், ஒரு குளம், சில விடுகதைகள். முழுப் படத்திலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பிரம்மாண்டம் எதுவும் இல்லாமல் இரண்டு நடிகர்களை நம்பி ஜாக்சன் நிதானமாக விட்டிருக்கிறார்.

அந்தக் காட்சியின் கடைசியில் பில்போ வாளைக் கோல்லத்தின் கழுத்துக்கு நேராகப் பிடித்து நிற்கிறார். மோதிரம் போட்டிருப்பதால் கோல்லத்தின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. அது திரும்புகிறது, எல்லாம் இழந்த முகம், நீர் நிறைந்த கண்கள். பில்போவின் கை தாழ்கிறது. இதை மோதிரக் கதை தெரியாத ஒருவர் பார்த்தால், நல்ல மனசுக்காரர் என்று நினைப்பார். தெரிந்தவர் என்ன பார்க்கிறார்? 2001 படத்தில், பில்போ அன்றைக்கே அதைக் கொன்றிருக்கலாமே என்று ஃப்ரோடோ சலித்துக்கொள்கிறான். அவர் கையைத் தடுத்தது இரக்கம் என்று கேண்டால்ஃப் சொல்கிறார். அந்த இரக்கத்தால் உயிர்பிழைத்த கோல்லம்தான் எரிமலையில் மோதிரத்தோடு விழுகிறது. ஃப்ரோடோ தோற்ற இடத்தில் உலகம் காப்பாற்றப்பட்டது, இந்தக் குகையில் ஒரு வாள் இறங்காமல் நின்றதால். பில்போவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. நமக்கு முழுவதும் தெரியும்.

ப்ரீக்வல் வேலை செய்யும் இடம் இந்த இடைவெளிதான்: பாத்திரத்துக்குத் தெரிந்ததற்கும் நமக்குத் தெரிந்ததற்கும் நடுவில் இருப்பது. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் போய்விடுகிறது. பில்போ பிழைப்பார், கேண்டால்ஃப் பிழைப்பார் என்று முதல் நிமிடத்திலேயே தெரியும். அதற்குப் பதிலாக, சின்னச் செயல்களுக்குப் பெரிய எடை வந்துவிடுகிறது. எல்ஃப் இனத்தவரின் ஊரான ரிவெண்டெலில் நடக்கும் ஆலோசனைக் காட்சியும் இதே முறையில் எழுதப்பட்டது. தீமை திரும்ப எழுகிறது என்று கேண்டால்ஃப் எச்சரிக்கிறார். மந்திரவாதிகளின் தலைவரான சாருமான் அதை அலட்சியமாக ஒதுக்குகிறார். அவர் பின்னால் துரோகம் செய்வார் என்று தெரிந்த நமக்கு ஒவ்வொரு சொல்லும் உறுத்துகிறது. சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ அப்போது 90 வயதை நெருங்கியிருந்தார். நியூசிலாந்துக்குப் பயணம் செய்ய முடியாததால் அவர் காட்சிகளை லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் எடுத்துச் சேர்த்தார்கள்.

இந்த ஆலோசனைக் காட்சி ஹாபிட் புத்தகத்தில் கிடையாது. தெற்கில் இருந்த ஒரு மாயாவியை நல்ல மந்திரவாதிகள் சேர்ந்து விரட்டினார்கள் என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு குறிப்பு மட்டும் வரும். நடுவில் கேண்டால்ஃப் எங்கே போனார் என்பதற்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான். அந்த மாயாவிதான் சாரோன் என்பதைப் பிற்பாடு மோதிரக் கதையில் டோல்கீன் விளக்கினார். அந்தக் கதையின் பின்னிணைப்புகளில் இருந்த வரலாற்றுக் குறிப்புகளிலிருந்து திரைக்கதைக்காரர்கள் இப்படிப் பல காட்சிகளை விரித்தெடுத்தார்கள். புத்தகத்தில் பெயர் மட்டும் ஒருமுறை வரும் ராடகாஸ்ட் என்ற மந்திரவாதி, படத்தில் முயல்கள் இழுக்கும் வண்டியில் வருகிறார்.

பாரம் ஏறத் தொடங்குவதும் இங்கேதான். ஹாபிட்டில் மொத்தம் 19 அத்தியாயங்கள். முதல் படம் சொல்வது முதல் ஆறை மட்டும். அதற்கு 169 நிமிடங்கள். இரண்டு படங்களாகத் திட்டமிட்டிருந்ததை 2012 ஜூலையில், முதல் படம் வெளிவர ஐந்து மாதங்கள்கூட இல்லாத நேரத்தில், மூன்றாக்குவதாக அறிவித்தார்கள். ஆறு அத்தியாயங்களோடு நிற்கும் படத்துக்கு ஒரு வில்லன் வேண்டும், ஒரு உச்சக்கட்டம் வேண்டும். டிராகனை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதில் அதன் கண் மட்டும் கடைசியில் திறக்கும். அதனால் அஸோக் என்பவனைக் கொண்டுவந்தார்கள், ஓர்க் என்ற கொடிய இனத்தின் தலைவன் அவன். டோல்கீன் கணக்குப்படி அவன் பில்போவின் பயணத்துக்கு 142 ஆண்டுகளுக்கு முன்பே போரில் செத்துவிட்டான். படத்தில் கை மட்டும் போய் உயிரோடு துரத்துகிறான்.

அவனைச் சேர்த்ததைவிட, அவனால் பில்போவுக்கு நேர்ந்த மாற்றம்தான் எனக்கு உறுத்தல். புத்தகத்தின் ஆறாம் அத்தியாயத்தில் பில்போ கழுகுகள் தூக்கிப்போகும் ஒரு குள்ளனின் காலைப் பிடித்துத் தொங்குகிறார், அவ்வளவே. அவருடைய வீரம் வெகுநேரம் கழித்து, காட்டு இருட்டில் யார் துணையும் இல்லாமல் ஒரு சிலந்தியைக் கொல்லும்போதுதான் பிறக்கிறது. அதற்கும் பெரிய வீரம், டிராகன் இருக்கும் சுரங்கத்தில் தனியாக நடந்து போனது. படத்தில் முதல் பாகத்திலேயே அவர் அஸோக்கின் ஆளை எதிர்த்துப் பாய்ந்து தோரினைக் காப்பாற்றிவிடுகிறார், தோரின் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். ஒரு படமாகப் பார்த்தால் நல்ல முடிவு. ஆனால் மெல்ல மெல்ல வளர வேண்டிய தைரியத்தை அவசரமாகப் பழுக்க வைத்ததுபோல இருக்கிறது.

தொனியிலும் இதே இழுபறி. குள்ளர்கள் தட்டுகளை வீசிப் பிடித்துப் பாடுகிறார்கள். அதே படத்தில் ஒரு ராஜாவின் தலை வெட்டப்படுகிறது. 1960இல் டோல்கீன் முயன்றுவிட்டுக் கைவிட்ட காரியம் இதுதான். ஆனாலும் பேகின்ஸ் வீட்டில் இரவு நெருப்பின் முன்னால் குள்ளர்கள் தாழ்ந்த குரலில் பாடும் மலைப் பாட்டு, அந்த இரண்டு தொனிகளும் ஒன்றாகக் கலக்க முடியும் என்று காட்டுகிறது. அந்தப் பாடல் வரிகள் புத்தகத்திலேயே உள்ளவை.

காலத்தால் முந்தைய கதை, கருவியால் பிந்தைய படம் என்ற சிக்கலும் ப்ரீக்வலுக்கு உண்டு. மோதிரப் படங்கள் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. ஓர்க்குகளில் பலர் ஒப்பனை போட்ட மனிதர்கள். ஹாபிட் டிஜிட்டல் கேமராவில், 3டியில், வழக்கமான 24க்குப் பதில் நொடிக்கு 48 பிரேம்களில் எடுக்கப்பட்டது. அஸோக் முழுக்கக் கணினியில் உருவானவன். அதே ஊர், அதே பச்சைக் கதவு, ஆனால் 60 ஆண்டுகள் பழைய காலம் புத்தம்புதிதாகப் பளபளக்கிறது. 48 பிரேம் காட்சியில் பார்த்த பலருக்கு அது சினிமாபோல இல்லாமல் டிவி சீரியல்போலத் தெரிந்தது.

சின்ன முரண்களும் வரும். 2001 படத்தின் முன்னுரையில் பில்போ தரையில் தடவும்போது மோதிரம் கையில் படுகிறது. 2012இல் அது கோல்லத்திடமிருந்து விழுவதையே பார்த்துவிட்டு எடுக்கிறார். இரண்டாவது வடிவம்தான் எனக்கு நல்லதாகப் படுகிறது; தெரிந்தே எடுத்தார் என்பதால், விடுகதைப் போட்டியின் முடிவில் என் பையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கும் கேள்விக்குக் கூர்மை கூடுகிறது.

வசூலுக்குக் குறைவில்லை. 100 கோடி டாலரைத் தாண்டியது. மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, விருது கிடைக்கவில்லை.

இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்களுக்கு என் யோசனை இது. படங்களை வெளிவந்த வரிசையில் பாருங்கள்: 2001, 2002, 2003, அப்புறம் ஹாபிட். கதை வரிசையில் பார்த்தால் அந்தப் பலகையும், கற்சிலைகளும், சாருமானின் அலட்சியமும் உங்களுக்கு எதையும் சொல்லாது. குகையில் நின்ற வாளும் வெறும் வாளாகவே இருக்கும். புத்தகமென்றால் இதற்கு நேர்மாறு. ஹாபிட்டை முதலில் படியுங்கள். அது எந்தப் பாரமும் இல்லாமல் எழுதப்பட்ட கதை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் படத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, ஐந்தாம் அத்தியாயத்தை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டலாம். வேர் யாருக்கும் தெரியாது, மரத்தைவிட உயரம், வானத்தைத் தொடும், ஆனால் வளரவே வளராது, அது என்ன என்று கோல்லம் கேட்குமிடத்தில் நிறுத்துங்கள். மலை என்று பில்போவுக்கு முன்னால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.